இறக்கத்தை அளந்துவிட்டு ஸ்கூட்டரை எடுங்கள்

குழந்தைக்கு ஸ்கூட்டரோ ஸ்கேட்போர்டோ வாங்கும் பெற்றோர் அடுத்து ஹெல்மெட் வாங்குவது பற்றி யோசிப்பார்கள். சமவெளியில் அந்த வரிசை போதும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அது போதாது. வாசலைத் தாண்டினால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். குழந்தை எந்த வண்டியில் ஏறினாலும், அதை ஓட்டுவது குழந்தையின் கால் அல்ல, சரிவுதான். அதனால் மலை ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது தரை. தலைக்கவசமும் வண்டியும் அதற்குப் பிறகுதான்.

நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் உதகை வரையும் வந்த பாதை அது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். ரயிலின் பல்சக்கரம் அதைக் கவ்வித்தான் ஏறி இறங்குகிறது. அங்கே மிகச் செங்குத்தான சரிவு ஏறத்தாழ 12-க்கு 1, அதாவது ஒரு மீட்டருக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் இறக்கம். அவ்வளவு சரிவில் இரும்புச் சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்ப முடியாது என்றுதான் அந்த ஏற்பாடு. நம் ஊர்ச் சந்துகளில் பல அதைவிடச் செங்குத்தானவை. அந்தச் சந்தில் 5 வயதுப் பிள்ளை ஓட்டும் ஸ்கூட்டருக்கு உள்ள ஒரே பிரேக், பின் சக்கரத்தின் மேல் காலால் மிதிக்கும் ஒரு தகடு. ஸ்கேட்போர்டில் அதுவும் கிடையாது.

எவ்வளவு வேகம் வரும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இறக்கத்தில் வரும் வேகத்தைத் தீர்மானிப்பது மொத்தம் எவ்வளவு உயரம் இறங்கினோம் என்பதுதான். மீட்டருக்கு 2 செ.மீ. சரியும் 30 மீட்டர் சந்தில் மொத்த இறக்கம் 60 செ.மீ. உராய்வைக் கழிக்காமல் பார்த்தால் முடிவில் வேகம் மணிக்கு 12 கி.மீ. சொரசொரப்பான தார்த்தரையில் சக்கர உராய்வு அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். அப்போது குழந்தை தடுமாறினாலும் இறங்கி நாலு எட்டு ஓடி நின்றுவிடலாம். அதே 30 மீட்டரில் மீட்டருக்கு 5 செ.மீ. சரிந்தால் மொத்தம் ஒன்றரை மீட்டர், வேகம் சுமார் 19.5 கி.மீ. வரை ஏறலாம். மலை ரயில் சரிவான 8 செ.மீ. என்றால் 25 கி.மீ.யை நெருங்கும். இந்த வேகத்தில் குழந்தையால் இறங்கி ஓட முடியாது. பக்கத்தில் ஓடி வரும் பெரியவராலும் எட்டிப் பிடிக்க முடியாது.

அந்த ஒன்றரை மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள், ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட் ஓட்டுபவர்களின் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1078. அந்தச் சோதனையில் ஹெல்மெட்டைத் தட்டையான இரும்பின் மேல் மோதவிடும் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வரும் வேகம் அதுதான். தரையில் சறுக்கி விழுந்தால் முன்னோக்கிய வேகத்தில் ஒரு பகுதி சறுக்கலிலேயே கரைந்துவிடும். ஆனால் நம் சந்துகள் பெரும்பாலும் எதில் முடிகின்றன? எதிர் வீட்டுச் சுவர், நிறுத்தி வைத்த ஜீப், மின்கம்பம். அவற்றில் மோதினால் வேகம் முழுவதும் மோதலுக்கே போகும். 5 செ.மீ. சரிவில் 30 மீட்டர் இறங்கி வந்த குழந்தை, நல்ல ஹெல்மெட்டுக்குச் சோதனையில் கொடுக்கும் அடியின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் போனால் ஹெல்மெட் காப்பாற்றும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அளப்பது எளிது. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான ரீப்பர் கட்டை ஒன்றை எடுங்கள். மேட்டுப்பக்க முனையைத் தரையில் வைத்து, பள்ளப்பக்க முனையைத் தூக்கி, கட்டையின் மேல் வைத்த ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும் வரை சரிசெய்யுங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். ரசமட்டம் இல்லாவிட்டால் கட்டையைச் சரிவிலேயே படுக்க வைத்து, அதன் மேல் போனை வைத்துச் சாய்வு காட்டும் செயலியைத் திறக்கலாம். 1 டிகிரி என்பது மீட்டருக்குச் சுமார் 1.75 செ.மீ., 3 டிகிரி என்றால் 5 செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். ஓட்டப்போகும் இடத்தில் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்திலாவது அளக்க வேண்டும். குறுக்காகவும் ஒருமுறை வைத்துப் பாருங்கள், ஏனென்றால் மழைநீர் ஓடுவதற்காகத் தரையை வடிகால் பக்கம் சாய்த்திருப்பார்கள். நேராக ஓட்டுவதாக நினைக்கும் குழந்தையை அந்தச் சாய்வு சத்தமில்லாமல் சாக்கடைப் பக்கம் இழுத்துக்கொண்டே போகும்.

எங்கள் அளவுகோல் இதுதான். கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு மீட்டருக்கு 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பிரேக்கை நம்பி நிறுத்தத் தெரிந்த, 8 வயது தாண்டிய பிள்ளைக்கு 3, 4 செ.மீ. வரை, அதுவும் 10 மீட்டருக்கு மேல் நீளாத இறக்கத்தில், அடியில் சமதரை இருந்தால் மட்டும். 5 செ.மீ.யைத் தொட்டால் வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஸ்கேட்போர்டுக்கு இறக்கமே கூடாது.

சமதரைக்கு எங்கே போவது என்பார்கள். மலையில் சமதரை இல்லாமல் இல்லை. மலையைச் சுற்றிக் கிடையாக ஓடும் வழிகளில் அது இருக்கிறது. நீலகிரியில் ஹட்டி என்று சொல்லும் படகர் ஊர்களில் வீட்டு வரிசைகள் சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில் கட்டப்பட்டவை. வரிசைக்கு முன்னால் உள்ள நீண்ட வாசல் அனேகமாகச் சமமாகவே இருக்கும். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளும் அப்படித்தான். மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு இறங்கும் ஒற்றையடிச் சந்துதான் ஆபத்து. குழந்தைகளை அந்த வாசலில் ஓட்டவிட்டு, சந்தின் வாயில் ஒரு பெஞ்சையோ பிளாஸ்டிக் டிரம்மையோ குறுக்கே வைத்துவிடலாம். வாசலின் வெளி ஓரத்தில் தடுப்புச் சுவர் முடிந்து, கீழ் வீட்டுக் கூரை தெரியும் இடங்கள் இருக்கும். அங்கே ஓரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே சுண்ணாம்பால் கோடு போட்டு, அதைத் தாண்டினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று சொல்லிவிடுங்கள். பள்ளிக் கூடைப்பந்துத் தளம், கோயில் அல்லது தேவாலய வளாகம், திருமணம் இல்லாத நாளில் மண்டபத்து வண்டி நிறுத்துமிடம் ஆகியவையும் உதவும், கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் சாலை பார்வைக்குச் சமம்தான். ஆனால் வாடகை சைக்கிளும் குதிரையும் சுற்றுலாக் காரும் ஒன்றாகப் போகும் சாலை அது. சிறுபிள்ளையின் ஸ்கூட்டருக்கு அங்கே வேலையில்லை.

மலைத்தரைக்கு இன்னொரு குணம் உண்டு, அது பெரும்பாலும் ஈரம். தென்மேற்குப் பருவத்தில் உதகைப் பக்கமும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் சிமெண்டுத் தரையில் பச்சையாகப் பாசி படரும். வெயில் வந்து காய்ந்தது போலத் தெரிந்தாலும், சுவர் நிழல் விழும் பக்கம் வழுக்கும். மார்கழி, தை மாதக் காலையில் உறைபனி உருகும் வரை தரை ஈரம்தான். ஸ்கூட்டர் பிரேக் என்பது சக்கரத்தில் தகடு உரசுவது மட்டுமே. நனைந்தால் தகடும் சக்கரமும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும், நிற்கும் தூரம் நீளும். பிரேக் பிடித்து சக்கரம் நின்றாலும் பாசியில் வண்டி நிற்காமல் சறுக்கிப் போகும். அதனால் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். கை ஈரமானால் அன்றைக்கு ஓட்டக் கூடாது.

சக்கரம் சிறியது என்பதும் பலருக்குப் புரிவதில்லை. ஸ்கேட்போர்டுச் சக்கரத்தின் விட்டம் 50 முதல் 60 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய சக்கரம் ஒரு ஜல்லிக்கல்லின் மேல் ஏறாது, முட்டி நின்றுவிடும். பலகை நிற்கும், மேலே நிற்கும் குழந்தை நிற்காது. நீலகிரியில் கற்பூர மரம் என்று சொல்லும் தைல மரத்தின் காய் இதற்கு மிகக் கச்சிதமான தடை. கெட்டியானது, உருளக்கூடியது, தரையோடு தரையாக நிறம் மறைந்து கிடக்கும். கொடைக்கானலில் பைன் ஊசியிலைகள் மெத்தை போலப் படிந்து சறுக்கும். ஓட்டும் முன் தென்னந்துடைப்பத்தால் அந்தத் தடத்தை ஒருமுறை பெருக்குவது ஐந்து நிமிட வேலை. வடிகால் மூடிக் கம்பிகளுக்கு இடையிலும், பேவர் பிளாக் கற்கள் அமுங்கிய பள்ளங்களிலும் சக்கரம் மாட்டும். ஸ்கூட்டரில் 120 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள சக்கரம் வாங்கினால் சிறு தடைகளைத் தாண்டிவிடும்.

எந்த வயதில் எது? அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அகாடமி 2002-ல் வெளியிட்ட பரிந்துரை இன்றும் பொருந்தும். 5 வயதுக்குள் ஸ்கேட்போர்டு வேண்டாம். 10 வயது வரை பெரியவர் நெருங்கி நின்று பார்த்துக்கொண்டால்தான் ஸ்கேட்போர்டு. 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்கூட்டரும் அப்படியே. சிறுபிள்ளைக்கு உடலின் அளவோடு பார்த்தால் தலை பெரிது, எடை மேலே நிற்கிறது, தடுமாறினால் சுதாரிக்கும் தசைக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. தன் வேகத்தையும் திறமையையும் கூட்டியே மதிப்பிடுவார்கள். "அக்கா கூடத்தானே இருக்கா" என்பதை மேற்பார்வையாகக் கொள்ள வேண்டாம். அக்காவுக்கே 9 வயதுதான் இருக்கும். பெரியவர் நிற்க வேண்டிய இடமும் முக்கியம். குழந்தைக்குப் பின்னால் மேட்டில் நின்றால் பார்க்கத்தான் முடியும். பள்ளப் பக்கம், இரண்டு மூன்று எட்டு தூரத்தில் நின்றால்தான் தடுக்க முடியும்.

ஹெல்மெட் வாங்கும்போது வண்டிக் கடையில் தொங்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட குழந்தை ஹெல்மெட் இதற்கு ஆகாது. மோட்டார் வாகனத்துக்கான ஐ.எஸ். 4151 தரத்தில் செய்தது அது, எடை கூடியது. காதையும் மூடும். 5 வயதுக் கழுத்துக்கு அது பாரம், பின்னால் வரும் வண்டிச் சத்தமும் கேட்காது. இ.என். 1078 என்று உள்ளே ஒட்டியிருக்கும் சைக்கிள் ஹெல்மெட், அல்லது ஸ்கேட்போர்டுக்கென்று உள்ள அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப் 1492 வகை தேடுங்கள். சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே உள்ள வெண்ணுரை ஒரு பெரிய அடிக்குத் தான் நசுங்கித் தலையைக் காக்கும், மறு அடிக்கு உதவாது. ஸ்கேட்போர்டு வகை பல சிறு அடிகளைத் தாங்குவதற்குச் செய்தது, பின்மண்டையை இன்னும் இறக்கி மூடும். எதுவானாலும் பலமாக அடிபட்டால் மாற்றிவிட வேண்டும், வெளியே கீறல் தெரியாவிட்டாலும்.

அளவெடுக்கும்போது புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே, தலையைச் சுற்றி டேப் பிடியுங்கள். ஹெல்மெட் விளிம்பும் அந்த இரண்டு விரற்கடையில் சமமாக உட்கார வேண்டும், நெற்றி தெரியப் பின்னால் சரியக் கூடாது. இரு பக்கப் பட்டைகள் காதுக்குக் கீழே ஒன்று சேர வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். குழந்தையை வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லுங்கள், ஹெல்மெட் கொஞ்சம் கீழே இழுபட்டால் சரியாக இருக்கிறது. மலையில் இதைக் கெடுப்பது கம்பளிக் குல்லா. குல்லாவோடு அளந்து வாங்கிய ஹெல்மெட், வெயிலில் குல்லாவைக் கழற்றியதும் தொளதொளவென்று ஆடும். குல்லாவின் மேல் மாட்டினாலோ கம்பளியோடு சேர்ந்து நழுவும். குளிருக்கு மெல்லிய பருத்தித் தலைத்துணியே போதும், ஓடியாடினால் உடம்பு தானே சூடாகிவிடும். உச்சிக் கொண்டை வேண்டாம், பின்னலைக் கழுத்தருகே தாழ்வாகப் போடுங்கள். மப்ளரைக் கழற்றி வையுங்கள், துப்பட்டாவையும்தான். இன்னொன்று: விளையாட்டு முடிந்து ஊஞ்சலுக்கோ பேரிக்காய் மரத்துக்கோ ஓடும் முன் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுங்கள். கிளையில் ஹெல்மெட் மாட்டினால் தாடைப் பட்டை கழுத்தை இறுக்கும்.

தலைக்கு அடுத்தபடி மணிக்கட்டு. விழும்போது கையை நீட்டி ஊன்றுவது எல்லாருக்கும் உள்ள இயல்பு, முறிவதும் அங்கேதான், முன்கையும் சேர்ந்து. உள்ளங்கைப் பக்கம் கெட்டியான பிளாஸ்டிக் பட்டை வைத்த மணிக்கட்டுக் காப்பு இந்த முறிவுகளை வெகுவாகக் குறைக்கிறது. முட்டிக்கும் முழங்கைக்கும் பேட் போடும் பெற்றோர் பலர் மணிக்கட்டை விட்டுவிடுகிறார்கள். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஹெல்மெட்டுக்குப் பிறகு மணிக்கட்டுக் காப்பையே வாங்குங்கள். காலுக்குத் தட்டை அடியுள்ள கேன்வாஸ் ஷூ போதும், கயிற்றை உள்ளே செருகிவிட்டு. ஹவாய்ச் செருப்பும் மழைக்காலக் கம்பூட்டும் கூடாது.

இனி வண்டி. 3 முதல் 5 வயதுக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று உள்ள, உடம்பைச் சாய்த்துத் திருப்பும் ஸ்கூட்டர் நல்லது. கைப்பிடி குழந்தையின் தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் இடையில் நிற்க வேண்டும். உயரம் கூடினால் தோளைத் தூக்கி ஓட்டும், திருப்ப முடியாது. மலிவு வண்டிகளில் விளக்கு மினுங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம் இருக்கும், ஈரத்தில் கண்ணாடி மாதிரி வழுக்கும். கடையிலேயே நகத்தால் அழுத்திப் பாருங்கள். பாலியூரித்தேன் சக்கரம் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். மடக்கும் தாழ்ப்பாள் முழுக்கப் பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கைப்பிடியை முன்னும் பின்னும் உலுக்கிப் பார்க்க வேண்டும், ஓடும்போது அது திறந்தால் குழந்தை முகம் குப்புற விழும். பிரேக் தகட்டை மிதித்துப் பின் சக்கரத்தை உருட்டிப் பாருங்கள், நிற்காவிட்டால் அது பிரேக் அல்ல.

ஸ்கேட்போர்டில், நம் சொரசொரப்பான தார்ச்சாலைக்கு 78ஏ கடினத்தன்மையுள்ள மெத்தென்ற சக்கரம் பொருத்தம். 99ஏ போன்ற கெட்டிச் சக்கரம் வழுவழுப்பான ஸ்கேட் பார்க்குக்கானது. பெரியவர்களுக்கான போர்டு 20 கிலோ குழந்தையின் எடைக்குத் திரும்பவே திரும்பாது. அடியில் சக்கர அச்சைப் பிடித்திருக்கும் நடு போல்ட்டின் நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். நட்டின் உள்ளே உள்ள நைலான் வளையத்தைத் தாண்டி போல்ட்டின் மரை வெளியே தெரிய வேண்டும், அதற்கு மேல் தளர்த்தினால் ஓட்டத்தில் கழன்றுவிடும். மழையில் நனைந்தால் துணியால் துடைத்து, பேரிங்கில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். துருவேறிய பேரிங் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து இழுக்கும்.

பலகைக்கு அடியில் பழைய பேரிங்கை மாட்டி இறக்கத்தில் உட்கார்ந்து போகும் பேரிங் வண்டி நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஸ்கேட்போர்டு கையில் கிடைத்ததும் அதே விளையாட்டை அதில் ஆடுவார்கள். பலகை ஓரத்தைப் பிடிக்கும் விரல் சக்கரத்துக்குள் போகும். தலை, கார் பம்பர் உயரத்தில் இருக்கும். வளைவில் திரும்பும் டிரைவரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இதை முழுதாகத் தடுத்துவிட வேண்டும், எந்தச் சலுகையும் இல்லாமல்.

கற்றுக்கொடுப்பதைப் புல்தரையில் தொடங்குங்கள். புல்லில் சக்கரம் உருளாது, ஏறி இறங்கவும் நிற்கவும் பழகலாம். அங்கேயே விழவும் பழக்குங்கள்: முட்டியை மடக்கு, கையை நெஞ்சோடு சேர், தோளில் உருள். கையை நீட்டாமல் விழுவது இயல்பாக வராது, நாளைக்குப் பத்து முறை என்று சில வாரம் செய்தால்தான் உடம்பில் படியும். பிறகு "இறங்கு!" என்ற ஒற்றைச் சொல்லுக்கு உடனே வண்டியை விட்டு இறங்கி ஓடப் பழக்குங்கள். "பாத்து, மெதுவா, பிரேக்க புடி" என்று மூன்று பேர் மூன்று விதமாகக் கத்தினால் குழந்தை திரும்பிப் பார்க்கும், அப்போதுதான் விழும்.

நேரமும் கணக்கில் வர வேண்டும். ஏப்ரல், மே விடுமுறையில் பிள்ளைகள் வீதிக்கு வரும் அதே வாரங்களில்தான் சீசன் வண்டிகளும் வருகின்றன. 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்திருக்கிறது, ஆனாலும் நெரிசலைத் தவிர்க்க வழி தெரியாமல் உள்சந்தில் திரும்பும் வெளியூர்க் கார்கள் உண்டு. மலைச்சாலைப் பழக்கமில்லாத டிரைவருக்கு வளைவின் மறுபக்கம் குழந்தை இருக்கும் என்று தோன்றாது. மாலை வெளிச்சம் மங்கினால் நிறுத்திவிடுங்கள். மூடுபனி இறங்கும் நேரமும், காட்டுமாடும் கரடியும் குடியிருப்புக்குள் வரும் நேரமும் அதுதான். சக்கரத்தின் கரகர ஒலியோடு வேகமாக வரும் குழந்தை திடீரென்று காட்டுமாட்டின் முன் போய் நிற்கக் கூடாது.

கை அடிபட்டு வீங்கினால் உருவி விட வேண்டாம், சுளுக்கு எடுக்கவும் போக வேண்டாம். குழந்தை எலும்பு பச்சைக் கிளை போல ஒரு பக்கம் மட்டும் பிளந்து வளையும், விரலை அசைக்க முடிகிறது என்பதால் முறிவு இல்லை என்றாகாது. மணிக்கட்டருகே எலும்பு வளரும் தட்டு இருக்கிறது, அது கெட்டால் கை வளர்ச்சியே கோணும். மடித்த செய்தித்தாளை அடியில் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, துப்பட்டாவில் கையைத் தொங்கவிட்டு எக்ஸ்ரேக்கு அழைத்துப் போங்கள். இறுக்கிக் கட்டினால் வீக்கம் கூடக் கூட இரத்த ஓட்டம் தடைபடும். விரல் நுனி வெளுத்தாலோ மரத்தாலோ கட்டை உடனே தளர்த்த வேண்டும்.

தலையில் அடி என்றால் மலையில் ஒரு சிக்கல் கூடுதல். பெரிய மருத்துவமனைக்குக் கோவைக்கோ மதுரைக்கோ இறங்கும் வழியில் குழந்தை வாந்தி எடுக்கும், கொண்டை ஊசி வளைவுதான் காரணம் என்று விட்டுவிடுவார்கள். விழுந்து அடிபட்ட குழந்தைக்கு அந்தச் சமாதானம் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட வாந்தி, வழக்கமில்லாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ நீர் வடிவது ஆகியவற்றில் எது வந்தாலும் அவசரம். ஒரு நொடி நினைவு தப்பியிருந்தாலும் அப்படியே. மலை இறங்கும் முன் அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள், அவர்கள் அனுப்பச் சொன்னால் 108-ல் போங்கள், இருட்டுவதற்குக் காத்திருக்காமல். எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை முறை வாந்தி என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் அடி எங்கே விழுந்தது என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.